பேட்ஜ் கிடைத்துவிட்டது, படுக்கத்தான் இடமில்லை

முதலில் ஒரு சின்னக் கூட்டல். சான் டியேகோ மாநாட்டு மையத்திலிருந்து நடந்தே போகக்கூடிய பெரிய ஹோட்டல்களில் ஐந்தை எடுத்துக்கொள்வோம். மான்செஸ்டர் கிராண்ட் ஹயாட்டில் 1,628 அறைகள். மேரியட் மார்க்கீஸில் 1,360. ஹில்டன் பேஃப்ரன்ட்டில் 1,190. ஓம்னியில் 511. ஹார்ட் ராக்கில் 420. மொத்தம் 5,109. அறைக்கு இருவர் என்றால் பத்தாயிரத்துச் சொச்சம் பேர். கல்லூரிப் பையன்கள் மாதிரி அறைக்கு நான்கு பேர் முட்டிமோதிப் படுத்தாலும் இருபதாயிரத்துச் சொச்சம்தான். ஒவ்வொரு ஜூலையிலும் இங்கே நடக்கும் காமிக்-கான் என்ற காமிக்ஸ் ரசிகர் விழாவுக்கு வருகிறவர்கள் சுமார் 1,35,000 பேர்.

அத்தனை பேரும் வெளியூர்க்காரர்கள் இல்லைதான். எங்களைப் போல உள்ளூரில் இருப்பவர்கள் கணிசம். லாஸ் ஏஞ்சலஸிலிருந்து விடிவதற்குள் காரை எடுத்து, நள்ளிரவில் அதே நெடுஞ்சாலையில் கொட்டாவி விட்டுக்கொண்டே திரும்பும் தைரியசாலிகளும் உண்டு. அருகிலேயே இன்னும் பல சின்ன ஹோட்டல்கள் இருக்கின்றன என்பதும் உண்மை. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்தாலும் கணக்கு இடிக்கிறது. இந்த இடிக்கிற கணக்கைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

காமிக்-கான் என்றாலே டிரெய்லர், சூப்பர் ஹீரோ வேஷம், நட்சத்திரங்களோடு செல்ஃபி என்றுதான் நம்மாட்கள் எழுதுகிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு பிடிப்பில்லை. கறுப்பு அங்கி போட்டவர் பேட்மேன், நீல உடுப்புக்காரர் சூப்பர்மேன் என்கிற அளவுக்கு ஞானம் உண்டு, அதோடு சரி. என்னை ஈர்ப்பதெல்லாம் விழாவுக்குப் பின்னால் நடக்கும் அறைச் சண்டைதான். ஓர் ஊரின் நிலம், வரி, வானம், பேராசை எல்லாம் அதில் வெளிச்சத்துக்கு வருகின்றன.

இந்த விழா பிறந்ததே ஒரு ஹோட்டலுக்குள்தான். 1970 மார்ச் 21. பிராட்வேயில் இருக்கும் யூ.எஸ். கிராண்ட் ஹோட்டலின் அடித்தளத்தில் ஒருநாள் கூட்டம். டெட்ராய்ட்டிலிருந்து இங்கே குடிவந்த ஷெல் டார்ஃப் என்பவரும் உள்ளூர்ப் பதின்வயதுப் பையன்கள் சிலரும் சேர்ந்து நடத்தியது. வந்தவர்கள் நூறு பேருக்குச் சற்று மேல். அதே ஆண்டு ஆகஸ்டில் அதே ஹோட்டலில் மூன்று நாள் விழா. 300 பேர் வந்தார்கள். ரே பிராட்பரியும் ஜாக் கிர்பியும் விருந்தினர்கள். அறிவியல் புனைகதைக்கும் காமிக்ஸுக்கும் அவர்கள் இருவரும் யார் என்று தெரிந்தவர்களுக்கு, வெறும் 300 பேர் என்ற எண் வயிற்றெரிச்சலைக் கிளப்பும். ஆனால் அன்றைக்கு விழாவும் தூக்கமும் ஒரே கட்டடத்துக்குள் அடங்கின. மேலே அறை, கீழே கூட்டம்.

எழுபதுகளில் பல ஆண்டுகள் குன்றின்மேல் நிற்கும் எல் கோர்ட்டெஸ் ஹோட்டலில் நடந்தது. ஓர் அறையை எடுத்துக்கொண்டு அதில் எத்தனை பேர் தரையில் படுத்தார்கள் என்பதுதான் அந்தத் தலைமுறை ரசிகர்கள் இன்றும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் கதை. எல் கோர்ட்டெஸ் இப்போது ஹோட்டலே இல்லை, அடுக்குமாடிக் குடியிருப்பு. 1979-இல் விழா ஊரின் பழைய மாநாட்டு அரங்குக்குப் போனது. விரிகுடாக் கரையில் புதிய மாநாட்டு மையம் 1989-இல் திறந்தது. 1991 முதல் காமிக்-கான் அங்கேதான்.

அதற்குப் பிறகு வளர்ந்த வேகத்தைக் கேளுங்கள். 2000-இல் சுமார் 48,000 பேர். 2001-இல் மாநாட்டு மையத்தைக் கிட்டத்தட்ட இரண்டு மடங்காக விரித்தார்கள். 2005-இல் ஒரு லட்சம் தாண்டியது. 2006-இல் 1,23,000. ஆறே ஆண்டில் இரண்டரை மடங்கு! ஓர் ஊரின் ஹோட்டல்கள் ஆறு ஆண்டில் இரண்டரை மடங்காகுமா? ஒரு பெரிய ஹோட்டலுக்கு நிலம் பிடித்து, அனுமதி வாங்கி, கடன் வாங்கிக் கட்டி முடிக்கவே அந்த ஆறு ஆண்டு போதாது. மேலே சொன்ன ஐந்தில் ஓம்னி 2004-இலும் ஹார்ட் ராக் 2007-இலும் திறந்தன. ஹில்டன் பேஃப்ரன்ட் 2008 கடைசியில்தான் வந்தது. அதற்குள் கூட்டம் எங்கேயோ போய்விட்டது. 2008-இல் முதல்முறையாக எல்லா நாட்களுக்கும் நுழைவு பேட்ஜ்கள் முன்கூட்டியே தீர்ந்துபோயின.

அதன்பின் மண்டபத்தின் கொள்ளளவைப் பார்த்து எண்ணிக்கைக்கு வரம்பு போட்டுவிட்டார்கள். அதனால்தான் பதினைந்து வருஷத்துக்கும் மேலாக 1,30,000 சொச்சத்திலேயே நிற்கிறது. சரி, கூட்டம் நின்றுவிட்டதே, ஹோட்டல்கள் மெதுவாக எட்டிப் பிடித்திருக்கலாமே என்று தோன்றும். இங்கேதான் வேடிக்கை. உள்ளே வரம்பு போட்டார்கள், வெளியே யாரும் போடவில்லை. படக்கம்பெனிகளும் ஸ்ட்ரீமிங் கம்பெனிகளும் கேஸ்லாம்ப் குவார்ட்டர் தெருக்களிலும் கடற்கரைப் புல்வெளிகளிலும் தங்கள் கூடாரங்களை விரித்தன. பேட்ஜே இல்லாதவர்களும் அதற்காக ஊருக்கு வர ஆரம்பித்தார்கள். கூடாரம் போடுகிறவர்கள், விளக்குக் கட்டுகிறவர்கள், நட்சத்திரங்கள், அவர்களுடைய ஒப்பனைக்காரர்கள், பத்திரிகைக்காரர்கள் எல்லோருக்கும் அறை வேண்டும். அவர்களுக்குக் கம்பெனி பணம் கொடுக்கிறது. ரசிகனுக்கு யார் கொடுப்பார்கள்?

2023 ஜூலையில் ஹாலிவுட் நடிகர்கள் வேலைநிறுத்தம். நட்சத்திரங்கள் பெரும்பாலும் வரவில்லை. அந்த ஆண்டுதான் கமல்ஹாசனும் பிரபாஸும் ராணாவும் விழாவின் பெரிய அரங்கான ஹால் எச்சின் மேடையில் ஏறினார்கள். நாக் அஸ்வினின் படத்துக்குக் ‘கல்கி 2898 ஏடி’ என்ற பெயரை அறிவித்தது அங்கேதான். இந்த ஊர்த் தமிழர்கள் பலர் முதல்முறையாகக் காமிக்-கான் என்ற ஒன்றைத் திரும்பிப் பார்த்ததும் அப்போதுதான். ஹாலிவுட் வராவிட்டால் ஊர் காலியாக இருக்கும், அறை சல்லிசாகக் கிடைக்கும் என்று சிலர் கணக்குப் போட்டார்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. கூட்டம் கூட்டமாகத்தான் இருந்தது.

அறை எப்படிக் கிடைக்கிறது என்று பார்ப்போம். விழாவை நடத்துவது லாப நோக்கமற்ற ஓர் அமைப்பு. அது ஊர் முழுக்கப் பல ஹோட்டல்களோடு பேசி, அந்த வாரத்துக்கு இத்தனை அறைகள், இன்ன விலைக்கு என்று ஒதுக்கி வைத்துக்கொள்கிறது. இந்த ஒதுக்கீட்டு அறைகளைத் தனியாக ஒரு முகமை வழியாக மட்டுமே பிடிக்க முடியும். பேட்ஜ் கையில் இருக்க வேண்டும். பேட்ஜ் விற்பனை முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களிலேயே முடிந்துவிடும். அறை விற்பனை அடுத்த வசந்தத்தில். முன்னதாக ஒரு சுற்று உண்டு: பெரும்பாலும் தூரத்து ஹோட்டல்கள், முழுப் பணமும் முன்பே கட்ட வேண்டும், திரும்பக் கிடைக்காது. அதற்குப் பிறகுதான் பொதுச் சுற்று. அன்றைக்கு எல்லோரும் கணினிமுன் உட்கார்ந்து ஒரு மெய்நிகர் காத்திருப்பு அறைக்குள் நுழைவார்கள். யாரை முதலில் உள்ளே விடுவது என்பதைக் கணினி குலுக்கிப் போடும். உங்கள் முறை வந்தால் பிடித்த ஹோட்டல்களை வரிசைப்படுத்திக் கொடுக்கலாம். பிறகு மின்னஞ்சலுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். ரசிகர்கள் இதை ‘ஹோட்டலபோகாலிப்ஸ்’ என்கிறார்கள். உலகமே அழிகிற நாள் போல.

நியூ ஜெர்சியில் இருக்கும் அண்ணன் மகன் நவம்பரில் கூப்பிட்டான். குரலில் துள்ளல்.

“சித்தப்பா, பேட்ஜ் கிடைச்சிருச்சு!”

“ரூம்?”

“அது ஏப்ரல்லதான் சித்தப்பா, இப்ப என்ன?”

“அப்ப இன்னும் எதுவும் கிடைக்கலைன்னு அர்த்தம்.”

சிரித்தான். ஏப்ரலில் அவனே கூப்பிட்டுப் புலம்பினான். கடற்கரைப் பக்கம் வரிசையாகப் பத்து ஹோட்டல் போட்டுக் கொடுத்திருக்கிறான், கிடைத்தது மிஷன் வேலியில். மையத்திலிருந்து பத்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. “எங்கயோ தூக்கிப் போட்டுட்டாங்க சித்தப்பா” என்றான். நான் வாழ்த்துச் சொன்னேன். உண்மையாகவே சொன்னேன். மிஷன் வேலி என்பது இந்தக் குலுக்கலில் இரண்டாம் பரிசு. அங்கிருந்து ட்ராலி ரயிலின் பச்சைத் தடம் நேராக மாநாட்டு மைய வாசலுக்கே வருகிறது. ஒதுக்கீட்டு ஹோட்டல்களுக்கு இரவு பகலாக இலவசப் பேருந்தும் ஓடுகிறது. ஒன்றுமே கிடைக்காதவர்கள்தான் பாவம். அவர்கள் வெளிச்சந்தையில் வழக்கமான விலையின் பல மடங்கைக் கொடுத்தோ, நம்மைப் போன்ற சித்தப்பாக்களின் சோபாவிலோதான் படுக்க வேண்டும்.

இன்னொரு வகையினரும் உண்டு. அவர்கள் அறைக்குப் பணம் கட்டியும் அதில் படுப்பதில்லை. ஹால் எச்சில் 6,500 இருக்கைகள். அதில் ஒன்றைப் பிடிக்க முந்தைய நாளே வரிசையில் உட்கார்ந்து, புல்தரையிலும் நடைபாதையிலும் இரவைக் கழிக்கிறார்கள். பக்கத்திலேயே ஹில்டனில் அறை எடுத்துவிட்டு, அந்த அறையின் ஜன்னலுக்கு நேர்கீழே தரையில் தூங்குகிறவர்களும் இருப்பார்கள். இந்தக் கூத்தை எந்தப் பொருளாதாரப் பாடத்தில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

சரி, இவ்வளவு பேர் காசோடு நிற்கிறார்களே, ஏன் யாரும் இன்னும் நாலு ஹோட்டல் கட்டவில்லை?

இதற்குப் பலரும் சொல்லும் பதில், நகராட்சி தூங்குகிறது என்பது. எனக்கு அது சரியாகப் படவில்லை. ஹோட்டல் கட்டுகிறவன் வருஷத்துக்கு 365 இரவையும் விற்றாக வேண்டும். காமிக்-கான் அவனுக்குக் கொடுப்பது ஐந்து இரவு. மீதி 360 இரவுக்கும் வங்கிக்காரன் வட்டி கேட்பான். தேர் இழுக்கிற ஒருநாள் கூட்டத்தை நம்பி நம்மூரில் யாராவது லாட்ஜ் கட்டுவார்களா? இந்த மாவட்டம் முழுக்க அறுபதாயிரத்துக்கு மேல் ஹோட்டல் அறைகள் உள்ளன. ஆண்டுச் சராசரி பார்த்தால் எந்த நாளும் அவற்றில் கணிசமான பங்கு காலியாகத்தான் கிடக்கிறது. அதாவது இந்த ஊருக்கு வருஷம் முழுவதும் அறைப் பஞ்சம் கிடையாது. ஒரு வாரத்துக்கு மட்டும்தான் பஞ்சம். ஒரு வாரப் பஞ்சத்துக்காக எவனும் கான்கிரீட் கொட்டமாட்டான்.

அந்த ஒரு வாரமும் பாருங்கள், ஜூலை. காமிக்-கானே இல்லாவிட்டாலும் இந்த ஊர் நிரம்பி வழிகிற மாதம். அரிசோனாவில் வெயில் 45 டிகிரியைத் தொடும்போது அங்கிருந்து குடும்பம் குடும்பமாகக் கடற்கரைக்கு வந்துவிடுகிறார்கள். இவர்களுக்கு இங்கே ‘ஸோனீஸ்’ என்று செல்லப் பெயர், எரிச்சல் பெயர் என்றும் சொல்லலாம். டெல் மாரில் குதிரைப் பந்தயம் தொடங்குவதும் அதே மாதம். விழாவை ஜனவரிக்கு மாற்றினால் பாதிப் பிரச்சினை தீரும். ஆனால் பள்ளி விடுமுறை ஜூலையில்தானே?

உயரமாகக் கட்டலாமே என்றால் அதற்கும் தடை. எங்கள் விமான நிலையம் ஊரின் நடுமடியில் இருக்கிறது. டவுன்டவுனிலிருந்து கூப்பிடு தூரம். ஒரே ஓடுபாதை. விமானங்கள் கட்டடங்களின் தலையை உரசுவது போல இறங்கும். அதனால் டவுன்டவுனில் எந்தக் கட்டடமும் 500 அடியைத் தாண்டக் கூடாது. கடற்கரை ஓரத்து நிலமோ துறைமுக ஆணையத்தின் கையில். அங்கே நிற்கும் பெரிய ஹோட்டல்கள் எல்லாம் குத்தகை நிலத்தில் நிற்பவை. கரையோரத்தில் ஒரு செங்கல் வைக்க வேண்டுமென்றாலும் மாநிலக் கடற்கரை ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். மேலே வானம் மூடிக் கிடக்கிறது, ஒரு பக்கம் கடல்.

2025 மே மாதம் தெற்கே சூலா விஸ்டாவில் கேலார்ட் பசிபிக் என்ற பிரமாண்ட ஹோட்டல் திறந்தது. 1,600 அறைகள். நூறு கோடி டாலருக்கு மேல் செலவு. ஆகா, அறை வந்துவிட்டது என்று ரசிகர்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் அது காமிக்-கானுக்காகக் கட்டப்பட்டதில்லை. தனக்கென்று சொந்த மாநாட்டு மண்டபத்தோடு வந்திருக்கிறது. வருஷம் பூராவும் தானே மாநாடுகளைப் பிடித்துத் தன் அறைகளை நிரப்பிக்கொள்ளும் ஏற்பாடு. நூறு கோடி போடுகிறவன் அப்படித்தான் யோசிப்பான்.

இதே அறைச் சிக்கலை இண்டியானாபொலிஸ் நகரம் வேறு விதமாகக் கையாள்கிறது. மேசை விளையாட்டுகளுக்கான ஜென் கான் விழாவை 1968-இல் விஸ்கான்சினில் ஜெனீவா ஏரிக்கரைச் சிற்றூரில் தொடங்கியவர் கேரி கைகாக்ஸ். ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவர். விழா மில்வாக்கிக்குப் போய், 2003-இல் இண்டியானாபொலிஸுக்கு வந்தது. அந்த ஊரில் மாநாட்டு மையத்தையும் பெரிய ஹோட்டல்களையும் தெருவுக்கு மேலே மூடிய நடைபாலங்களால் இணைத்திருக்கிறார்கள். 2011-இல் 1,005 அறைகளோடு ஜே.டபிள்யூ. மேரியட் எழுந்தது. அப்படியும் போதவில்லை. 2017-இல் ஜென் கானில் முதல்முறையாகப் பேட்ஜ்கள் தீர்ந்தன, 2023-இல் வருகை எழுபதாயிரத்தைத் தாண்டியது. அங்கேயும் அறைக்குக் குலுக்கல்தான். இப்போது 800 அறைகளோடு சிக்னியா என்ற இன்னொரு ஹோட்டலைக் கட்டுகிறார்கள். தனியார் நிறுவனம்தான் முதலில் கட்டுவதாக இருந்தது. வட்டி விகிதம் ஏறியதும் கடன் கிடைக்காமல் திணறியது. கடைசியில் 2023-இல் நகராட்சியே கடன் பத்திரம் வெளியிட்டு ஹோட்டலைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. உச்சக் கூட்டத்துக்கு ஹோட்டல் வேண்டுமென்றால் ஊர்ப் பணம் போட்டால்தான் உண்டு, சந்தை தானாகக் கட்டாது. அந்த ஊர்க்காரர்கள் போடத் தயாராக இருக்கிறார்கள். அது லாபமா நஷ்டமா என்பது பத்து வருஷம் கழித்துத் தெரியும்.

எங்கள் ஊரில் ஊர்ப் பணம் என்ற பேச்சை எடுத்தாலே கோர்ட்டுக்குப் போய்விடும். மாநாட்டு மையத்தை விரிக்க ஹோட்டல் வரியைக் கூட்டலாம் என்று 2012-இல் ஹோட்டல் முதலாளிகளே வாக்களித்து முடிவு செய்தார்கள். வரியை வாக்காளர்கள்தான் முடிவு செய்ய வேண்டும், முதலாளிகளின் வாக்கு செல்லாது என்று 2014-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அடித்துவிட்டது. 2016-இல் அமெரிக்கக் கால்பந்து அரங்கமும் மாநாட்டு மையமும் சேர்ந்த ஒரு திட்டம் வாக்கெடுப்புக்கு வந்தது, 43 சதவீதம்தான் ஆதரவு. அடுத்த ஆண்டே சார்ஜர்ஸ் அணி லாஸ் ஏஞ்சலஸுக்கு மூட்டை கட்டியது. 2020 மார்ச்சில் ஹோட்டல் வரித் திட்டம் இன்னொரு முறை வாக்கெடுப்புக்கு வந்தது. மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்றார்கள், விழுந்தது 65.24 சதவீதம். தோற்றுவிட்டது என்று எல்லோரும் நினைத்தோம். பிறகு வழக்குமேல் வழக்கு, மக்கள் மனுவாகக் கொண்டுவந்த திட்டத்துக்குச் சாதாரணப் பெரும்பான்மையே போதும் என்று தீர்ப்புகள் வந்தன. 2025 மே 1 முதல் ஹோட்டல் வரி உயர்ந்தது. 10.5 சதவீதமாக இருந்தது, மாநாட்டு மையத்துக்கு எவ்வளவு அருகில் என்பதைப் பொறுத்து 11.75-இலிருந்து 13.75 சதவீதம் வரை ஆகியிருக்கிறது. விரிவாக்கக் கட்டடம் இன்னும் எழும்பவில்லை.

எழும்பினால்தான் என்ன ஆகும் என்று யாரும் கேட்பதில்லை. மண்டபம் பெரிதானால் பேட்ஜ் எண்ணிக்கை கூடும். பேட்ஜ் கூடினால் அறைப் பஞ்சமும் கூடும். மண்டபம் பிதுங்குவதைச் சமாளிக்கக் காமிக்-கான் ஏற்கெனவே வழி கண்டுபிடித்துவிட்டது. ஹில்டன், மேரியட் முதலிய ஹோட்டல்களின் நடன மண்டபங்களிலும் நகர நூலகத்திலும் கருத்தரங்குகளை நடத்துகிறார்கள். மண்டபத்துக்கு வழி இருக்கிறது. படுக்கைக்கு அப்படி ஒரு வழி இல்லை.

வீடுகளை வாடகைக்கு விடலாமே என்றால், 2023 மே முதல் அதற்கும் உரிமம் வேண்டும். முழு வீட்டைக் குறுகிய காலத்துக்கு வாடகைக்கு விடுவதற்கான உரிமங்களை, ஊரில் உள்ள வீடுகளில் ஒரு சதவீதம் என்று வரையறுத்திருக்கிறார்கள். மிஷன் பீச்சுக்கு மட்டும் விதிவிலக்கு. எனக்கு இது சரியான சட்டம் என்றே படுகிறது. ஐந்து நாள் விருந்தாளிக்காக வருஷம் முழுக்க வசிக்கும் வாடகைக்காரனை விரட்டுவது நியாயமில்லை.

இங்கே பொருளாதாரம் படித்த நண்பர்கள் குறுக்கிடுவார்கள். அறை குறைவு, ஆள் அதிகம் என்றால் விலையை ஏற்று, குலுக்கல் எதற்கு, யாருக்கு அதிகம் வேண்டுமோ அவர்கள் கொடுப்பார்கள் என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் யாரிடம் கம்பெனி அட்டை இருக்கிறதோ அவர்கள்தான் கொடுப்பார்கள். தன் கையால் வரைந்த படங்களை ஒரு மேசையில் பரப்பி விற்கும் ஓவியர் அந்த விலைக்கு ஐந்து இரவு தங்கிவிட்டுப் போனால் கைக்காசு போட்டுத்தான் ஊர் திரும்ப வேண்டும். மாணவன் வரமாட்டான். மூன்று பேராக வருகிற குடும்பம் வராது. எஞ்சுவது விளம்பரக்காரர்கள் விளம்பரக்காரர்களுக்கு நடத்தும் ஒரு வர்த்தகக் கண்காட்சி. அதைப் பார்க்க யார் இந்த ஊருக்கு வருவார்கள்? ஹோட்டல்காரர்கள் விற்பது ரசிகனின் உற்சாகத்தைத்தான். ரசிகனையே துரத்திவிட்டு எதை விற்பார்கள்?

அமைப்பாளர்களுக்கு இது நன்றாகவே தெரியும். அவர்கள் கையில் இருக்கிற ஒரே ஆயுதம், வேறு ஊருக்குப் போய்விடுவோம் என்ற மிரட்டல். 2010-இல் அதைச் சரியாகப் பயன்படுத்தினார்கள். லாஸ் ஏஞ்சலஸும், டிஸ்னிலாண்டைச் சுற்றி ஏகப்பட்ட அறைகள் வைத்திருக்கும் அனஹைமும் இரு கை நீட்டி அழைத்தன. இங்குள்ள ஹோட்டல்காரர்கள் கலங்கிப்போய் ஒதுக்கீட்டு அறைகளைக் கூட்டவும் விலையைக் கட்டுக்குள் வைக்கவும் இறங்கி வந்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 30 அன்று, 2015 வரை இங்கேயேதான் என்று அறிவிப்பு வந்தது. வெறும் வாய்மிரட்டல் என்று யாரும் தள்ளிவிட முடியாது. இதே அமைப்பு நடத்தும் வொண்டர்கான் விழா சான் பிரான்சிஸ்கோவில் இடம் கிடைக்காமல் 2012-இல் அனஹைமுக்குப் போனது, திரும்பவே இல்லை.

2024-இல் மறுபடி அதே பாட்டு. ஹோட்டல் விலை ரசிகர்களால் தாங்க முடியாத அளவுக்குப் போனால் வேறு இடம் பார்க்க வேண்டியிருக்கும் என்கிற பொருளில் அமைப்பின் பேச்சாளர் டேவிட் கிளான்சர் பேசினார். அந்தக் கோடையிலேயே ஒப்பந்தம் 2027 வரை நீண்டது. சண்டையும் சமாதானமும் ஒரே மூச்சில்! ஒதுக்கீட்டுக்குள் எத்தனை அறை, வெளியே வைத்து இஷ்டத்துக்கு விற்பது எத்தனை அறை என்பதில்தான் இழுபறியே. காமிக்-கானால் இந்தப் பகுதிக்கு ஆண்டுதோறும் 15 கோடி டாலருக்கு மேல் வருமானம் என்று மாநாட்டு மையத்தின் மதிப்பீடுகள் சொல்கின்றன. அதில் ஒரு பங்கு ஹோட்டல்காரர்கள் பக்கமும் போகிறது. கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் குடி மூழ்கிவிடாது.

விட்டுக்கொடுக்க ஆளில்லாத ஊரில் என்ன ஆகும் என்பதற்கு 2025 நவம்பர் நல்ல உதாரணம். பிரேசிலின் அமேசான் வட்டாரத்து நகரமான பெலெமில் ஐ.நா.வின் 30-ஆவது பருவநிலை மாநாடு. பல பத்தாயிரம் பேர் வரப்போகிறார்கள், ஊரில் அதற்கேற்ற அறைகள் இல்லை என்பது ஊரைத் தேர்ந்தெடுத்த அன்றே தெரியும். விலை தாறுமாறாக ஏறியது. ஏழை நாடுகள் எங்களால் வர முடியாது, இடத்தை மாற்றுங்கள் என்று கேட்டன. எம்.எஸ்.சி. சீவியூ, கோஸ்டா டியாடெமா என்று இரண்டு சொகுசுக் கப்பல்களைக் கொண்டுவந்து துறைமுகத்தில் கட்டிப்போட்டு, சுமார் 6,000 படுக்கைகள் தேற்றினார்கள். மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் காதலர் மோட்டல்களையும் பிரதிநிதிகளுக்காக ஒழுங்குபடுத்தினார்கள். பருவநிலை மாற்றத்தால் மூழ்கப்போகிற தீவு நாட்டுப் பிரதிநிதி வாடகை கொடுக்க முடியாமல் தன் குழுவைச் சுருக்கிக்கொள்வதும், எண்ணெய்க் கம்பெனிக்காரர் வசதியாகத் தங்குவதும் எந்த வகை நியாயம்? காமிக்-கானில் தங்க முடியாமல் போனால் ஒரு டிரெய்லர் போகும். அங்கே போவது ஒரு நாட்டின் குரல்.

ஆகவே என் கட்சி இதுதான். கூட்டத்துக்கு வரம்பு போட்டது சரி. மண்டபத்தை விரிப்பது அவசரமில்லை. ஹோட்டல்காரர்களோடு போடும் ஒப்பந்தத்தில் ஒதுக்கீட்டு அறைகளின் பங்கைக் கூட்ட வேண்டும். 2027-க்குப் பிந்தைய ஒப்பந்தத்தில் நகராட்சி வாதாட வேண்டியது இந்த ஒன்றுக்காகத்தான். புது வரிப்பணத்தில் ஒரு பகுதியை, கும்பல் நாட்களில் இரவு முழுக்க ஓடும் ட்ராலிக்கும் பேருந்துக்கும் ஒதுக்கினால் தூரத்து ஹோட்டல்களும் பக்கத்து ஹோட்டல்களாகிவிடும். ஒரு ரயில் பெட்டி ஓட்டுவது ஒரு ஹோட்டல் கட்டுவதைவிட மலிவு.

வருகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். குலுக்கலில் கடற்கரை ஹோட்டல்களை மட்டும் எழுதாதீர்கள், மிஷன் வேலியில் ட்ராலி நிலையத்துக்கு அருகில் உள்ளவற்றையும் சேருங்கள். 2021-இல் ட்ராலியின் நீலத் தடத்தை யூ.டி.சி. பகுதி வரை நீட்டிவிட்டதால் எங்கள் வடக்குப் பக்கத்து ஹோட்டல்களும் இப்போது மோசமில்லை. அந்தப் பக்கம் இட்லி தோசைக்கும் பஞ்சமில்லை. கார் எடுத்து வந்தால் டவுன்டவுனில் நிறுத்த இடம் தேடியே பாதி நாள் போய்விடும், வேண்டாம். நான்கு பேராகச் சேர்ந்து வருவதாக இருந்தால் நால்வரும் தனித்தனியாகக் குலுக்கலில் நுழையுங்கள். யாருக்கு நல்ல இடம் விழுகிறதோ அந்த அறையை வைத்துக்கொண்டு மற்றவற்றை, விதிகளில் சொல்லியிருக்கும் கெடு தேதிக்குள், விட்டுவிடுங்கள். நீங்கள் விடும் அறை இன்னொருவருக்குப் போகும். ரத்து செய்ய முடியாத விமான டிக்கெட்டை மட்டும், அறை உறுதியானதற்கான மின்னஞ்சல் கைக்கு வரும்வரை எடுத்துவிடாதீர்கள்.